ஃபில்டருக்கு அடியில் பெயிண்ட்

என்ன வேலை பார்க்கிறேன் என்பதை என் வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. கரண்டில் வரும் இரைச்சலை அளக்கிறேன் என்றால், கரண்டுக்கு ஏது இரைச்சல் என்று கேட்பார்கள். பெண் கொடுத்த புதிதில் மாமனார் ஒரு முறை பொறுமையாக உட்கார்ந்து கேட்டார். அதன் பிறகு உறவுக்காரர்களிடம் "மாப்பிள்ளை கவர்ன்மென்ட்டுல இருக்காரு" என்று சுருக்கிக்கொண்டார். எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

மின்சாரத்தை வெட்டி வெட்டி வேலை செய்யும் எந்தச் சாதனமும் கண்ணுக்குத் தெரியாத குப்பையைக் கொஞ்சம் வெளியே கொட்டும். பக்கத்தில் உள்ள ரேடியோவிலும் டிவியிலும் அது இரைச்சலாகவும் கோடாகவும் வந்து விழும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சேர்ந்தபோது எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த புகார்களெல்லாம் இந்த வகைதான். செங்கல்பட்டில் ஒரு தெருவில் தினமும் பத்து மணிக்கு எல்லா டிவியிலும் புள்ளி புள்ளியாக விழுகிறது என்று பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு எழுதியிருந்தார்கள். கேபிள்காரரை அடிக்கப் போகும் அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது. போய்ப் பார்த்தால், தெருக்கோடித் தையல்கடை மோட்டார்.

எங்கள் வேனில் பெரிய கருவிகள் இருந்தன. ஆனால் முதல் தேடுதலுக்கு நாங்கள் எல்லோரும் வைத்திருந்தது சட்டைப்பையில் அடங்கும் சின்ன ரேடியோதான். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே, ஒன்றும் பேசாத இடத்தில் முள்ளை நிறுத்திவிட்டு நடப்போம். எங்கே இரைச்சல் ஏறுகிறதோ அங்கே குற்றவாளி. ரேடியோவைக் காதோரம் பிடித்தபடி தெருத்தெருவாக நடக்கும் என்னைப் பார்த்து, ஸ்கோர் என்ன சார் என்று கேட்காதவர்கள் குறைவு. முதல் ஒரு வருஷம் விளக்கம் சொன்னேன். பிறகு ஏதாவது ஒரு ஸ்கோர் சொல்லிவிட்டுப் போனேன்.

எனக்கு இந்த வேலையில் ஒரு கர்வம் இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. யாருக்கும் புரியாத வேலை என்பதால் யாரும் என் தப்பைக் கண்டுபிடித்ததில்லை. நானும் அதிகம் தப்புச் செய்ததில்லை.

சுனாமிக்கு மூன்று நான்கு வருஷம் கழித்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் போகும் வழியில், ஒரு தனியார் கம்பெனி சவுக்குத்தோப்பு ஒன்றை வாங்கி அழித்து, சூரிய ஒளித் தகடுகளை வரிசை வரிசையாக நட்டது. பேட்டரி கிடையாது. விளைகிற மின்சாரம் நேரே ஈ.பி. கம்பியில் ஏறிவிடும். இன்றைக்கு இருக்கும் நிலையங்களுக்கு முன்னால் அது கொல்லைப்புறத் தோட்டம். அன்றைக்கு அத்தனை பெரியதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது ஜன்னலோரம் இருப்பவர்கள் கழுத்தைத் திருப்புவார்கள்.

தகடு தருவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். ஊர்க் கம்பியில் இருப்பது முன்னும் பின்னும் ஓடுவது. நடுவில் இருந்து மாற்றிக் கொடுப்பவை இன்வெர்ட்டர்கள். ஆள் உயர இரும்பு பீரோக்கள், மொத்தம் நான்கு. வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மின்சாரத்தை வெட்டித்தான் அவை மாற்றுகின்றன. வெட்டுகிற ஒவ்வொரு தடவையும் குப்பை. அந்தக் குப்பை கம்பி வழியே வெளியேறாமல் பிடித்து மண்ணுக்கு அனுப்புவதற்காக பீரோவின் அடியில் ஃபில்டர் என்று ஒரு பெட்டி இருக்கும். அந்தப் பெட்டி உட்காரும் இரும்புத் தட்டுக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க மாட்டார்கள். வெறும் உலோகத்தின் மேல் வெறும் உலோகம் முழுசாகப் படிந்திருந்தால்தான் குப்பை இறங்கும். இந்தக் கதையில் தெரிந்துகொள்ள வேண்டிய தொழில்நுட்பம் இவ்வளவுதான்.

நிலையத்தை ஓட்டத் தொடங்கும் முன் அளந்து சான்று கொடுக்க நான் போனேன். அங்கே பராமரிப்புக்கு இருந்தவர் கருங்குழியிலிருந்து வந்துபோகும் எலக்ட்ரீஷியன். ஏறக்குறைய என் வயது. கான்ட்ராக்ட் ஆள். செங்கல்பட்டில் ஒரு பஸ், திருக்கழுக்குன்றத்தில் ஒரு பஸ் மாறி வந்து, எட்டு மணிக்கு கேட்டைத் திறப்பார். அளவெடுத்த இரண்டு நாளும் என் கூடவே இருந்தார். கேட்காமலே சொன்னார்:

"ஒரு வருசம் கம்ப்ளெய்ண்ட் இல்லாம பாத்துகினா பர்மனெண்ட் பண்றன்னு சொல்லிகீறாங்க சார். பின்னாடி வூடு கட்டிகினு கீறாங்க பாருங்க, அதுல ஒண்ணு குடுப்பாங்களாம். பொண்ணுங்க ரெண்டையும் இங்கயே ஸ்கூல்ல போட்டுடலாம்."

வேலிக்குப் பின்னால் மூன்று வீடுகள் ஜன்னல் உயரம் வரை எழும்பியிருந்தன. நடுவீடு என்று தன் மனசில் அவர் முடிவே செய்திருந்தார்.

அளவுகள் எல்லாம் வரம்புக்குள் இருந்தன. கிளம்பும் நேரத்தில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நான் ஆண்டெனாவைக் கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பீரோவின் கதவைத் திறந்துவைத்தபடி என்னவோ கேட்டார். நான் என்னவோ பதில் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் புகார் வந்தது. நிலையத்துக்கு அரை மைல் தள்ளி, மீனவர் குப்பத்துக்குப் போகும் சந்தின் முனையில் ஐஸ் கடை வைத்திருந்த பாய் ஒருவர் எழுதியிருந்தார். அழகான கையெழுத்து. பகல் முழுக்க ரேடியோ வேலை செய்வதில்லை, மதியம் வரும் மீனவர்களுக்கான வானிலை அறிவிப்பைக் கேட்க முடியவில்லை, புயல் மாதம் என்பதால் உடனே வந்து பார்க்கவும் என்று நாலே வரி.

போனேன். ஐஸ் பெட்டிகளுக்கு மேலே பலகையில் ஒரு பழைய பெரிய ரேடியோ. கடைக்கு வெளியே பெஞ்சில் நாலைந்து பேர் வலையோடு உட்கார்ந்திருந்தார்கள். அறிவிப்பைக் கேட்டுவிட்டுத்தான் மறுநாளைக்கு ஐஸ் எவ்வளவு வேண்டுமென்று சொல்வார்களாம். பாய் ரேடியோவைத் திருகினார். சட்டியில் கடுகு வெடிப்பது மாதிரி ஒரே இரைச்சல்.

"எப்பலேந்து இப்படி?" என்றேன்.

"ஆயுத பூஜைக்கு மறுநாள் கடையத் தொறந்தேன் பாருங்க, அன்னிலேந்து."

"நாள் எப்படிச் சரியாகச் சொல்றீங்க?"

"பூஜைக்கு எல்லாப் படகையும் கரையேத்திடுவாங்க சார். ஐஸ் போவாது, நானும் மூடிடுவேன். மறுநாள் வந்து ரேடியோவ போட்டா இப்படி கத்துது. வெயில் ஏற ஏறக் கத்தும். மேகம் மூடுனா அடங்கும். பொழுது சாஞ்சா பேசும். அந்தக் கண்ணாடித் தோப்புதான் சார். நான் படிக்காதவன், ஆனா இது எனக்குத் தெரியும்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

நிலையத்து மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். புகாரைப் படித்துவிட்டு மரியாதையாகவே பேசினார்.

"சார், போன வருஷம் நீங்களே பாஸ் பண்ணிக் கையெழுத்துப் போட்டதுங்க. அப்புறம் இதுல ஒரு ஸ்க்ரூவ நாங்க மாத்தலைங்க. வேற எங்கியாச்சும் பாருங்க."

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. கையெழுத்து என்னுடையது. அன்று அளந்தது பொய்யென்றால் பொய்க்காரன் நான்தான். வேலியோரம் கருவியை வைத்து அளந்தேன். போன வருஷத்து அளவை எங்கேயோ கீழே விட்டுவிட்டு முள் மேலே நின்றது. வரம்பைத் தாண்டி வெகுதூரம்.

கருங்குழிக்காரர் என்னைப் பார்த்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி வந்தார். இன்வெர்ட்டர் அறையைப் பெருமையாகத் திறந்து காட்டினார். அப்படி ஒரு சுத்தத்தை நான் எந்த நிலையத்திலும் பார்த்ததில்லை. நான்கு பீரோக்களும் கல்யாணத்துக்கு நிற்பது போல் நின்றன. கதவில் காய்ந்த சந்தனம், அதன் நடுவே குங்குமம். வேலிக்குப் பின்னால் வீடுகள் மூன்றும் கட்டி முடிந்து சுண்ணாம்பு அடித்திருந்தது.

"தை மாசம் பர்மனெண்ட் ஆர்டர் வந்துடும் சார். சாவியே காட்டிட்டாங்க" என்றார். பிறகு குரலைத் தணித்து, "இந்த கம்ப்ளெய்ண்ட்டு நம்மளது இல்லன்னு வந்துடுமில்ல?" என்றார்.

பார்க்கலாம் என்றேன்.

எர்த் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். மீட்டரின் ஒரு முனையை ஃபில்டர் பெட்டியிலும் மறு முனையை எர்த் கம்பியிலும் வைத்துக் காட்டினார். மீட்டர் கீ என்று கத்தியது, தொடர்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நான்கிலும் கத்தியது. அவரைப் பொறுத்தவரை விசாரணை முடிந்தது. எனக்கும் அன்று முழுக்கக் குழப்பம்தான். கேபிள்களைப் பார்த்தேன், கதவுகளைப் பார்த்தேன், கருவியையே சந்தேகப்பட்டு வேறொன்றை வரவழைத்தேன்.

மறுநாள் காலை சட்டைப்பை ரேடியோவோடு பீரோ பீரோவாக நடந்தபோதுதான் பாய் சொன்னது மண்டையில் உறைத்தது. ஆயுத பூஜை. பூஜை என்றால் கருவிகளைத் துடைப்பார்கள், எண்ணெய் போடுவார்கள். வேறென்ன செய்வார்கள்? குனிந்து அடியில் டார்ச் அடித்தேன். சாம்பல் நிறம் பளபளவென்றிருந்தது. ஃபில்டர் பெட்டியைச் சுற்றி மட்டுமல்ல, இடுக்கு வழியே பார்த்தால் அதற்கு அடியிலும்.

மெஷினை நிறுத்தி, உள்ளே இருக்கும் மின்சாரம் வடியும் வரை காத்திருந்து, போல்ட்டைக் கழற்றச் சொன்னேன். கழற்றியவர் அவர்தான். பெட்டியைத் தூக்கினால், கீழே வெறும் இரும்பாக இருந்திருக்க வேண்டிய தட்டில் ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, அதன் மேல் சாம்பல் இரண்டு கோட்டு. தூரிகைத் தடம்கூடத் தெரியாத வேலை.

"துரு ஏறிகினு இருந்துச்சு சார், உப்புக்காத்து. பூஜைக்கு மொத நாள் நாலையும் கழட்டி, தேச்சி, பெயிண்ட் அடிச்சி மாட்டிட்டேன். ஞாயித்துக்கெழம லீவுல வந்து பண்ணேன்" என்றார். குரலில் இன்னும் பெருமை இருந்தது.

மீட்டர் ஏன் கத்தியது என்றால், பச்சை எர்த் கம்பி ஒன்று பெட்டிக்குத் தனியாக ஓடுகிறது. ஆளுக்கு ஷாக் அடிக்காமல் காக்க அந்தக் கம்பி போதும். மீட்டருக்கும் போதும். இந்தக் குப்பைக்குப் போதாது. அது தட்டு முழுக்கப் பரவித்தான் இறங்கும். நடுவில் பெயிண்ட் இருந்தால் சாக்கடையை அடைத்த கதை. குப்பை பின்னுக்குத் திரும்பி, தகடுகளுக்குப் போகும் கம்பிகளில் ஏறி, அத்தனை நீளக் கம்பியும் சேர்ந்து ஊருக்கே ஒலிபரப்பும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அக்கறையில்லாத ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் இந்தப் புகாரே வந்திருக்காது.

நான் விளக்கிச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்தார். மதியத்துக்குள் நான்கு தட்டையும் சுரண்டி வெள்ளையாக்கினோம். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அதற்கென்று ஒரு பசை இருக்கிறது, மின்சாரத்தைத் தடுக்காது. அதைத் தடவி மாட்டினோம். ஒவ்வொரு பீரோவாக ஓட விட்டபோது என் சட்டைப்பையில் இரைச்சல் படிப்படியாக இறங்கி, அப்புறம் அமைதியானது. அரை மைல் தள்ளி பாய் கடை ரேடியோவில் யாரோ காற்றின் வேகத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டு வேளையில் கருங்குழிக்காரர் தன் பையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். கம்பெனி நோட்டு இல்லை, அவருடைய சொந்த நோட்டு. அன்றன்றைய வேலையை எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர். முந்தைய வருஷத்துப் பக்கம் ஒன்றை விரித்து என் முன்னால் வைத்தார். பேனாவால் எழுதியிருந்தது:

"டெஸ்டிங் முடிந்தது. ஃபில்டர் தட்டுக்கு பெயிண்ட் இல்லை, துரு வரும், அடிக்கலாமா என்று சாரிடம் கேட்டேன். துரு வரக்கூடாது, பார்த்து அடியுங்கள் என்றார். மழை."

படித்தேன். அந்த 'மழை' என்ற வார்த்தைதான் என்னைப் பிடித்தது. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் நின்றது, நான் ஆண்டெனாவைக் கழற்றியது, முதல் தூறல், எல்லாம் வந்தது. அடியுங்கள் என்ற சொல்லை நான் சொன்னேனா என்பது மட்டும் இன்று வரை நினைவில்லை. சரி சரி என்று சொல்லியிருக்கலாம். கேட்டவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

"மேனேஜர் வரச் சொல்லிகீறாரு சார். எதுக்கு அடிச்சன்னு கேப்பாரு. இத்த காட்டட்டா?" என்றார்.

மிரட்டலாகக் கேட்கவில்லை. போன தடவை கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டாரே, அதே மாதிரி, தெரிந்தவரிடம் கேட்பதாகத்தான் கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

அவர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். மேனேஜர் அறைக்கு வெறுங்கையோடு போனார்.

எங்கள் கூடத்துக்கு அந்த மாதம் தணிக்கை வரவிருந்தது. அதை ஒரு காரணமாக இங்கே எழுதலாம். அது காரணமில்லை. தப்புச் செய்தவன் என்று பெயர் வாங்கி எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'பராமரிப்பின்போது ஃபில்டர் தட்டில் வண்ணம் பூசப்பட்டதால்' என்று எழுதினேன். பூசப்பட்டது. யார் பூசினார், யார் சொல்லிப் பூசினார் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இலக்கணமே இடம் கொடுக்கிறது. அறிக்கை பொய்யில்லை என்பதால் அன்று நன்றாகவே தூங்கினேன்.

தையில் நடுவீட்டுச் சாவி வேறொருவருக்குப் போனது. கான்ட்ராக்டர் கருங்குழிக்காரரை நிறுத்திவிட்டார் என்று, மறு அளவுக்குப் போன என் ஜூனியர் வந்து சொன்னான். புது எலக்ட்ரீஷியன் அந்த அறைக்குள் செருப்போடு போகிறானாம்.

ஒன்றரை வருஷம் கழித்து, மனை பார்க்க என்று திருப்போரூர் போயிருந்தேன். ஓ.எம்.ஆர். நெடுக அப்போது எல்லோரும் மனை பார்த்துக்கொண்டிருந்தார்கள். புரோக்கர் வர நேரமானதால் கோயில் குளத்துப் பக்கம் நடந்தேன். இன்வெர்ட்டர், யுபிஎஸ் ரிப்பேர் என்று பலகை போட்ட ஒற்றை ஷட்டர் கடை. உள்ளே ஸ்டூலில் குனிந்திருந்தவரை முதுகை வைத்தே அடையாளம் தெரிந்தது. தாண்டிப் போயிருக்கலாம். அவர் தலையைத் தூக்கிவிட்டார்.

"சார். வாங்க சார், உக்காருங்க."

டீ சொன்னார். பெண்கள் எப்படி என்று கேட்டேன். பெரியவள் பத்தாவது, கருங்குழியிலேயே படிக்கிறாள், தனக்கு இப்போதும் தினம் பஸ் மாறி வருவதுதான் என்றார். பேசியபடியே கையில் இருந்த வீட்டு இன்வெர்ட்டரின் அடித்தட்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். எர்த் போல்ட் உட்காரும் இடம். கம்பெனிப் பெயிண்ட் போய் இரும்பு வெளுத்துத் தெரிந்தது. காத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர், புது மெஷினை ஏன் சுரண்டுகிறீர்கள் என்று கேட்டார்.

"இத்த சுரண்டலன்னா உங்க வூட்டு டிவில கோடு வுழும். இந்த சார்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. இந்த வேலைல பெரிய ஆளு" என்றார் என்னைக் காட்டி.

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். வாடிக்கையாளர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. மாலை வந்து மெஷினை வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் போன பிறகு கேட்டேன்:

"அன்னிக்கு ஏன் அந்த நோட்டைக் காட்டலை?"

அவர் உப்புத்தாளை மடித்து மறுபக்கம் திருப்பினார்.

"காட்டுன்னு நீங்க சொல்லலியே சார். நீங்க சொல்லாம நான் ஒண்ணும் பண்ணதில்ல."

டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "அந்த நோட்டு வூட்லதான் கீது. வேணும்னா எடுத்தாரட்டா?" என்றார்.

வேண்டாம் என்றேன். சரி சார் என்று, விட்ட இடத்திலிருந்து சுரண்டத் தொடங்கினார்.